கூகைப் படத்தின் கீழ் ஓரம்

முக்காலியை நான் ஒரே ஒரு நாள்தான் கொண்டுபோனேன்.

கடற்கரைச் சாலையில் பேருந்தை விட்டு இறங்கி, குடிசைகளுக்கு முன்னால் இருந்த மணல் திட்டில் அதன் மூன்று கால்களையும் விரித்து, கேமராவைத் திருகிப் பொருத்திவிட்டு நிமிர்ந்தேன். என்னைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர், ஏறக்குறைய என் வயதுக்காரர், வலை ஊசியைக் கையில் பிடித்தபடியே எழுந்து வந்தார்.

“எந்த வூட்ட இடிக்கப் போறே?”

எனக்குப் புரியவில்லை. பிறகு அவர்களே சொன்னார்கள். சில வாரங்களுக்கு முன் இதே போல மூன்று கால் கருவியோடு சிலர் வந்து, கடலுக்கும் குடிசைகளுக்கும் இடையே எத்தனை அடி என்று அளந்து, முதல் வரிசைக் கதவுகளில் வெள்ளைப் பெயின்டால் எண் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். கடல் வருடத்துக்கு வருடம் உள்ளே வந்துகொண்டிருந்தது. முதல் வரிசைக்கு மாற்று வீடு தருவார்கள் என்று ஒரு பேச்சு. ஒன்றும் தராமல் இடித்துத் தள்ளுவார்கள் என்று இன்னொரு பேச்சு. மூன்று கால் வைத்த எதைப் பார்த்தாலும் அந்தத் தெருவுக்கு இந்த இரண்டும்தான் நினைவுக்கு வந்தன.

நான் முக்காலியை மடக்கினேன். “இடிக்க வரவில்லை, படம் எடுக்க வந்தேன்” என்றேன்.

“வூட்டு லிஸ்ட்டுக்கா சார்?” என்று ஒரு பெண் கேட்டாள். இடுப்பில் காலி மீன்கூடை, நாற்பது வயது இருக்கும்.

“இப்போதைக்குப் படம் மட்டும்தான்” என்றேன்.

இந்தப் பதிலைத்தான் நான் இத்தனை ஆண்டுகளாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். அதில் பொய் ஒரு சொல்கூட இல்லை. ஆனால் அவர்கள் காதில் அது எப்படி விழும் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

தொண்ணூறுகளின் கடைசி ஆண்டுகள் அவை. எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேதியியலாளராக இருந்தேன். குடியிருப்பு திருவொற்றியூர். மாலைப் பேருந்தின் கடல் பக்க ஜன்னலில் உட்கார்ந்து வருவேன். வழியில் மூடிக்கிடந்த ஒரு ஐஸ் கம்பெனி உண்டு. அதன் பின்சுவரில், உயரத்தில், சட்டம் உடைந்த ஒரு ஜன்னல். ஒரு நாள் அந்த ஓட்டையில் வெள்ளையாக ஒரு முகம் தெரிந்தது. இரண்டாக வெட்டிய ஆப்பிளைப் போன்ற முகம். கூகை. அந்தப் பகுதியில் வெள்ளைக் கோட்டான் என்பார்கள்.

ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு மனிதனுக்கு ஒரு பறவையின் மேல் இப்படிப் பித்துப் பிடிக்குமா என்றால், பிடித்தது. சூரியன் மறைந்து இருபது நிமிடம் கழித்துக் கூகை உள்ளிருந்து வந்து ஜன்னல் விளிம்பில் உட்காரும். பத்துப் பதினைந்து விநாடி அசையாமல் கீழே பார்க்கும். பிறகு சத்தமே இல்லாமல் பறந்துவிடும். அந்தப் பத்து விநாடிக்குள் எடுக்க வேண்டும். ஃபிளாஷ் போட்டால் மறுநாள் வராது என்று படித்திருந்தேன். முக்காலி ஒழிந்தது. மிச்சம் இருந்தது என் இரண்டு கைகள்.

மங்கிய வெளிச்சமும் பதியட்டும் என்று நானூறு வேக ஃபிலிமை ஆயிரத்து அறுநூறாக வைத்து எடுத்து, வீட்டுக் குளியலறையில் கூடுதல் நேரம் கழுவுவேன். குளியலறைக் கதவு மூடியே கிடக்கும். “இந்த வீட்ல அந்தக் கோட்டானுக்குத்தான் முதல் குளியல்” என்பாள் என் மனைவி. அவ்வளவு செய்தும் பதினைந்தில் ஒரு பங்கு விநாடிக்குக் குறைந்து ஷட்டரை வைக்க முடியாது. பழைய நூற்று முப்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸ், அந்த வேகத்தில், கையில் பிடித்து எடுத்தால் இதயம் துடிப்பதுகூடப் படத்தில் விழும். தோளை எதன் மீதாவது சாய்க்க வேண்டும். மூச்சை முழுக்க வெளியே விட்டு, அடுத்த மூச்சு வருவதற்குள், பட்டனைக் குத்தாமல் மெல்லப் பிழிய வேண்டும்.

சாய்வதற்கு அங்கே இருந்தது ஒரே கம்பம். மீன்கூடைப் பெண்ணின் குடிசைக்கு முன்னால், துணிக்கொடி கட்டியிருந்த சவுக்குக் கம்பம். அதில் சாய்ந்து நின்றால் அவளுடைய கூரைக்கு நேர் மேலே, பின்னால், ஐஸ் கம்பெனி ஜன்னல் தெரியும்.

அதாவது நான் ஒவ்வொரு மாலையும் கேமராவை அவள் வீட்டை நோக்கித்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டைத்தான் எடுக்கிறேன் என்று அவள் நினைத்ததில் என்ன தவறு?

அவள் ஈரப் புடவைகளைக் கொடியின் மறு முனைக்குத் தள்ளிவிட்டு எனக்கு இடம் தருவாள். ஒரு நாள் கம்பம் ஆடுகிறது என்று அடியில் கல் வைத்து இறுக்கிக் கொடுத்தாள். வலைக்காரருக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை.

“இன்னா சார், டெய்லி அதே வூட்டையே புடிக்கிறே? அது இன்னா தாஜ்மகாலா?”

“வெளிச்சம் சரியா வரல” என்றேன்.

“வெளிச்சம் வேணும்னா மத்தியானம் வா. வெளக்கு வெக்கிற நேரத்துல வந்து வெளிச்சம் இல்லன்னா இன்னா பண்றது?”

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்தான் எனக்காகப் பேசினாள். “சும்மா கெட, மாமே. ஆபீசு முடிச்சுட்டுதானே வர முடியும் அவுரு.”

கூகையை எடுக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். கோட்டான் அலறினால் வீட்டில் சாவு என்று நம்புகிற இடம், விளக்கு வைக்கும் நேரத்தில் வாசலில் நின்று அதைத் தேடுகிறவனை விரட்டிவிடுவார்கள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். மீதி இதுதான்: லிஸ்ட்டு சார் என்று அவர்கள் வழி விட்டது எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு அப்படி யாரும் வழி விட்டதில்லை.

ஜன்னலுக்குள் குஞ்சுகள் பொரிந்தன. சாயங்காலமானால் குக்கரில் ஆவி கசிவது போல உள்ளே சீறும். தெருவில் பயம் வந்தது. புகை போட்டு விரட்டுவதென்று வலைக்காரர் பழைய டயர் ஒன்றை உருட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். அந்தப் பெண் குறுக்கே நின்றதை அவளே என்னிடம் சொன்னாள்.

“நான் சொல்லிட்டேன் சார். சர்க்காரு ஆளு டெய்லி இந்த எடத்தப் படம் புடிச்சிகினு கீறாரு, நீ நெருப்ப வெச்சே, அல்லாரு பேரும் லிஸ்ட்டுலேந்து பூடும்னு. டயர அப்பிடியே புடுங்கி என் கூரை மேல போட்டுட்டேன். காத்துக்கு ஓலையாவது பறக்காம இருக்கட்டும்.”

என் பொய் அந்தக் குஞ்சுகளைக் காப்பாற்றியது. இதை நான் வெகு நாள் ஆறுதலாக வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரத்தில் ஒரு நாள் அவள் புருஷன் கடலுக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். அவள் புடவை மாற்றி, பெண் பிள்ளைகள் இரண்டுக்கும் தலை வாரி, நால்வருமாகக் கதவருகே வந்து நின்றார்கள். “வூடு மட்டும் எடுத்தா போதுமா சார்? ஆளுங்க வேணாமா?” என்றாள். கூகை வர ஐந்து நிமிடம்தான் இருந்தது. மறுத்தால் நேரமாகும். எடுத்துவிடலாம் என்று பத்தடி பின்னால் போனேன். சாய ஒன்றும் இல்லை. “ஆடாமல் நில்லுங்கள்” என்று சொல்லி ஒரே ஒரு தடவை அழுத்தினேன். சரியாக விழுந்ததா என்ற கவலை இல்லை. ஃபிலிமில் ஒன்று வீண் என்று நினைத்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

நான் விரும்பிய படம் அடுத்த வாரம் கிடைத்தது. கூகை விளிம்பில் நின்று, தலையைச் சாய்த்து, நேராக என்னைப் பார்க்கிறது. ஒவ்வொரு இறகுப் புள்ளியும் கூர்மை. எல்லாப் படங்களையும் போல அதிலும் கீழ் ஓரத்தில் மங்கலாகக் கருப்பாக ஒரு தீற்று இருந்தது. கூரை. அதன் மேல் வட்டமாக டயர். அச்சுப் போடும்போது அதை வெட்டிவிட்டேன். படம் ஒரு கண்காட்சியில் தொங்கியது. நான்கு பேர் பாராட்டினார்கள். அதன் பிறகு நான் அந்தப் பக்கம் இறங்கவில்லை. மழைக்காலம் வந்தது, வெளிச்சமும் இல்லை. வேண்டியது கிடைத்துவிட்டது என்பதுதான் உண்மைக் காரணம்.

மழை முடிந்து, கூகை மறுபடி குஞ்சு பொரித்திருக்குமா என்று பார்க்கப் போனேன். முதல் வரிசையே இல்லை. குடிசைகள் இருந்த இடத்தில் கடல் நுரைத்துக்கொண்டிருந்தது. லாரிகள் கருங்கல்லைக் கொட்டியிருந்தன. கம்பம் இல்லை. ஐஸ் கம்பெனி மட்டும் நின்றது. வலைக்காரர் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார்.

“வா சார், வா. லிஸ்ட்டு சார் வந்துட்டாரு, அல்லாரும் எய்ந்து நில்லுங்க.”

அவரே சொன்னார். மழைக்கு முன்பு நிஜ அதிகாரிகள் வந்து வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். கதவு எண்ணுக்கு முன்னால் குடும்பத்தை நிறுத்திப் படம் எடுத்து, டோக்கன் கொடுத்தார்கள். ஒரு நாள் முன்பே தெருவில் சொல்லிவிட்டிருந்தார்கள், எல்லோரும் வீட்டில் இருங்கள் என்று.

“உனக்குக் கம்பம் குட்த்துச்சே, அது மட்டும் கூடையத் தூக்கிகினு மார்க்கெட்டு பூட்ச்சு. இரும்மா, நாளிக்கு மீன் வித்துக்கலாம்னேன். எங்களுது அப்பவே எட்த்தாச்சு மாமே, சார் எட்த்துகினு போனாருன்னுச்சு. புருசன் கடல்ல, பசங்க ஸ்கூலுல. வூடு பூட்டிக் கீது, ஆளில்லன்னு எய்திகினு பூட்டான். டோக்கன் வந்த எங்களுக்கு வூடு தரேன்னுட்டாங்க. அதுக்கு இல்ல.” கையிலிருந்த வலை ஊசியால் ஐஸ் கம்பெனியைக் காட்டினார். “அங்க கீது. போய்ப் பாரு, தெகிரியம் இருந்தா.”

ஐஸ் கம்பெனித் தாழ்வாரத்தில், தார்ப்பாய் கட்டி அவர்கள் இருந்தார்கள். என்னைக் கண்டதும் அவள் எழுந்து ஓடி வந்தாள். அவள் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள்.

“வந்துட்டியா சார்! நான் சொல்லிகினே கீறேன், சார் வருவாருன்னு. எங்க போட்டோவக் குட்த்துட்டியா ஆபீசுல?”

“பார்க்கிறேன்” என்று சொல்லிவிட்டு, வந்த வழியே சாலைக்கு ஏறி, முதலில் வந்த பேருந்தில் ஏறிவிட்டேன். இதையும் எழுதிவிட வேண்டும். ஓடினேன்.

வீட்டுக்கு வந்து நெகட்டிவ்களைக் கொட்டித் தேடினேன். அந்தத் துண்டு கிடைத்தது. ஆறு கட்டங்கள். ஐந்தில் கூகை. நடுவே ஒன்றில் அவர்கள். வெளிச்சம் போதாமல் கண்ணாடி போல வெளிறிக் கிடந்தது. மங்கலையும் அழுத்தமாகக் காட்டும் தாளை எடுத்து, குளியலறையை மூடிக்கொண்டு அச்சுப் போட்டேன். மூன்று தாள் வீண். நான்காவது, ரசாயனத்துக்குள் மெல்ல மெல்ல எழுந்தது. பிள்ளைகள் இருவரும் அசைந்து கலைந்திருந்தார்கள். புருஷன் பாதி நிழல். என் கையும் நடுங்கியிருக்கிறது, ஓலைகள் இரட்டையாகத் தெரிந்தன. ஆனாலும் கதவில் வெள்ளைப் பெயின்ட் எண்ணைப் படிக்க முடிந்தது. அவள் முகம் அடையாளம் தெரிந்தது. ஆடாமல் நில்லுங்கள் என்று நான் சொன்னதை அவள் அப்படியே செய்திருந்தாள். கூரை மேல் டயர்.

குளியலறைத் தரையில் உட்கார்ந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள் கடைசியில், “எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? அந்தம்மாகிட்ட சொல்லுங்க” என்றாள்.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். தாழ்வாரத்தில் அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நான் சர்க்கார் ஆள் இல்லை, லிஸ்ட்டுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை, நீங்கள் அப்படி நினைப்பது தெரிந்தும் சும்மா இருந்துவிட்டேன் என்றேன். அவள் கை நின்றது.

“அப்ப டெய்லி வந்து இன்னா எட்த்தே?”

நான் தலைக்கு மேல் ஜன்னலைக் காட்டினேன். அவள் அண்ணாந்து பார்த்தாள்.

“கோட்டானா?”

“ஆமாம்.”

ஜன்னலையே பார்த்திருந்தாள். பிறகு மீனைத் திரும்பவும் எடுத்தாள். “கோட்டான எடுக்க வந்தேன்னு சொல்லியிருந்தா நான் இன்னா உன்ன அட்ச்சா தொரத்தியிருப்பேன்? கம்பத்துல சாஞ்சிக்கோன்னுதானே சொல்லியிருப்பேன்.”

உறையிலிருந்து அச்சுப் படத்தை எடுத்து நீட்டினேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

“உங்களை ஒன்று மட்டும் எடுத்தேன். இதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா பார்க்கலாம். நானும் வருகிறேன்.”

அவளுக்கு ரேஷன் கார்டு காசிமேட்டில் மாமியார் வீட்டு முகவரியில் இருந்தது. இந்தக் கதவுக்கும் இவளுக்கும் சம்பந்தம் உண்டு என்று காட்ட அந்தப் படத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. இருவரும் தாலுகா அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த வருவாய் ஆய்வாளர் இளைஞர், பொறுமைசாலி. படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நம்பர் சரி. ஆனா சார், ஒரு கதவ எங்க வேணாலும் நிறுத்திப் படம் எடுக்கலாமே? இது அந்த இடம்தான்னு நான் எப்படி எழுதறது?”

நெகட்டிவ் துண்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். குடும்பத்துக்கு முன் கட்டத்தில் கூகை, அடுத்த கட்டத்திலும் கூகை. பின்னால் ஐஸ் கம்பெனிச் சுவர், உடைந்த ஜன்னல். கீழ் ஓரத்தில், நான் எல்லா அச்சிலும் வெட்டி எறிந்த அந்தக் கூரையும், குடும்பப் படத்தில் இருக்கும் அதே டயரும். வெட்டாத ஒரே துண்டில் எல்லாம் வரிசையாக இருந்தன. அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“இது நம்ம பழைய ஐஸ் கம்பெனி இல்ல? மேல என்ன சார் அது, வெள்ளையா?”

“கோட்டான் சார்” என்றாள் அவள், எனக்கு முன்னால். “அது அங்கயேதான் கீது. வேணும்னா வந்து கேட்டுக்கோ.”

ஆய்வாளர் சிரித்துவிட்டார். பிறகு, படம் எடுத்தவர் யார், எதற்காக எடுத்தார் என்று எழுத்துமூலமாக வேண்டும் என்றார். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். நான் அரசு ஊழியன் அல்லன். அப்படி அவர்கள் எண்ணியதை அறிந்தும் மறுக்கவில்லை. என்னை நம்பியே இவர் கணக்கெடுப்பு நாளில் வீட்டில் இல்லை. படித்துவிட்டு அவர் குரலைத் தாழ்த்தினார். “இப்படி எழுதினா உங்களுக்குத்தான் வம்பு சார். கொஞ்சம் மாத்தி எழுதுங்களேன்.”

“இருக்கட்டும்” என்று கையெழுத்துப் போட்டேன். என் பேனா கீழே விழுந்தபோது அவள் எடுத்துக் கொடுத்தாள்.

உடனே ஒன்றும் நடக்கவில்லை. பல தடவை போனோம். அந்த ஆய்வாளர் மாறிப் போனார், அடுத்தவருக்கு முதலிலிருந்து சொன்னோம். ஒவ்வொரு முறையும் என் கதையை நானே வாய் திறந்து சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் விடுபட்டவர்களின் பட்டியல் ஒன்று ஒட்டினார்கள். அதில் அவள் பெயர் இருந்தது. வலைக்காரர்தான் முதலில் பார்த்துவிட்டு எனக்குத் தொலைபேசியில் சொன்னார். “யோவ் கோட்டான் சார், வந்துட்ச்சுயா!” அன்று முதல் அந்தத் தெருவில் என் பெயர் அதுதான்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு கிடைக்க மேலும் சில ஆண்டுகள் ஆயின. பால் காய்ச்சிய அன்று போனேன். நுழைந்ததும் எதிரே, சட்டம் போட்டு, அந்தப் படம். “பாரு சார், அல்லாரும் கலைஞ்சி பூட்டாங்க. நான் மட்டும்தான் ஒயுங்கா நின்னுகினு கீறேன்” என்று புருஷனைச் சீண்டினாள். நான் பாயசத்தைக் கையில் வைத்தபடி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அதைக் கவனித்து, இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டுப் போனாள்.

நான் ஓய்வு பெற்று ஓரிரு வருடம் கழித்து ஒரு நாள் அவளிடமிருந்து போன் வந்தது. “சார், எங்க மாடிலே தண்ணி டாங்கி சந்துல சின்னதா ஒரு ஆந்த ஜோடி குடி வந்துகீது. புள்ளி புள்ளியா கீது. வந்து எட்த்துகினு போ.”

பழைய கேமராவைத் தேடி எடுத்தேன். ஃபிலிம் கிடைக்க இரண்டு கடை ஏற வேண்டியிருந்தது. மாலை, வெளிச்சம் இறங்கும் நேரத்தில் படியேறினேன். இரண்டாவது மாடியில் ஒருவர், “யாரு சார் நீங்க? கரண்ட்டு ஆபீசா?” என்று கேட்டார்.

நின்றேன். “இல்லைங்க. ஆந்தையைப் படம் எடுக்க வந்திருக்கேன்” என்று உரக்கச் சொன்னேன். படிக்கட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் சிரித்தார். ஒரு பெண்மணி, “ஆந்தையா? அய்யய்யே” என்றார். யாரும் என்னைத் தடுக்கவில்லை.

மொட்டை மாடியில் அவள் காத்திருந்தாள். தொட்டிக்கு எதிரே டிவி ஆன்டெனாக் குழாயைக் காட்டினாள். தோளைச் சாய்த்துக்கொண்டேன். சந்திலிருந்து உள்ளங்கை அளவில் ஒன்று வெளியே வந்து, என்னைப் பார்த்துத் தலையை மேலும் கீழும் ஆட்டியது. என் கைகள் முன்பு போல இல்லை. மூச்சை வெளியே விட்டும் லென்ஸ் நடுங்கியது.

அவள் பக்கத்தில் வந்து, என் முழங்கையைக் கீழிருந்து தன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டாள். மீன் வாடை வந்தது.

“ஆடாம நில்லு சார்” என்றாள்.

நின்றேன். அழுத்தினேன்.